மூக்குக்குள் நாலு ஓட்டைப் பொத்தான்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொண்டது. நீயும் மாப்பிள்ளையும் சளி, தும்மல் எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். முகத்தில் மூக்கு இருப்பதே தெரியாமல் இருப்பதுதான் பெரிய சுகம். முந்தாநாள் ஃபோனில் உன்னைத் திட்டவே நேரம் சரியாகப் போய்விட்டதால், நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

இடது மூக்கு அடைத்து ஆறு மாதம். கூடவே ஒரு வாடை, ஈரத்துணியைப் பெட்டியில் மூடி வைத்த மாதிரி. உன் அண்ணிக்கு அது தெரியவில்லை, தையல் கடையில் யாருக்கும் தெரியவில்லை. நான் எந்த அறைக்குள் போனாலும் எனக்கு முன்னால் போய் நிற்கிறது. டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, "உள்ளே கட்டி இருக்கு. என்ன கட்டின்னு சி.டி. ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும்" என்றார். சில்லென்ற அறையில், ஒரு வளையத்துக்குள் தலையை வைத்துப் படுக்கச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஆளில்லாத அறையில் ஒரு குரல், "அசையாதீங்க, எச்சில் முழுங்காதீங்க" என்றது. சும்மா கிடந்த எச்சில் அப்போதுதான் ஊறித் தொலைத்தது.

பிறகு திரையில் ஒரு மண்டையோடு என்னைப் பார்த்து இளித்தது. நான்தானாம். ஸ்கேன் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "வெறும் சதைன்னா சாம்பல் நிறமா இருக்கும், எலும்பை மெல்லத் தள்ளும். கெட்ட கட்டின்னா எலும்பையே அரிச்சிடும். இதுல எலும்பு நல்லா இருக்கு. வெள்ளையா தெரியறது கல்லு. சின்ன வயசுல எதையோ உள்ளே போட்டு, அதைச் சுத்திப் படிஞ்சிருக்கு." கல்லுக்கு நடுவில் வட்டமாக, நாலு ஓட்டை. நாற்பது வருஷம் பொத்தான் தைத்தவனுக்குத் தெரியாதா? அப்பாவோட சட்டைப் பொத்தான்! உன் பிஞ்சு விரல் என் மூக்குல நுழைஞ்சது அப்படியே ஞாபகம் வந்துடுச்சு. உடனே உனக்கு ஃபோன் போட்டுக் கத்தினேன். நீயும், "ஆமாண்ணே, நான்தான் போட்டேன், அடி விழும்னு சொல்லல"ன்னு ஓன்னு அழுதே. அறுபது வருஷம் வாயைத் திறக்காம இருந்தியே, நீயெல்லாம் ஒரு தங்கச்சியா! ஆனா ஒண்ணு, கேன்சர் இல்லேங்கற சந்தோஷத்துல உன் அண்ணியும் நானும் அன்னிக்குச் சிரிச்சு மாளல.

பொத்தானை எடுத்ததும் கழுவி உனக்கே அனுப்புகிறேன். மாப்பிள்ளை சட்டையில் தைத்துக்கொள். இருவரும் நல்லா இருங்கள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது ஸ்கேன் சென்டரிலிருந்து ஃபோன் வந்தது. படம் மாறிப்போச்சாம். அந்தப் பொத்தான் யாரோ ஒரு பெரியவருடையதாம். என் படத்தில் கல்லும் இல்லை, வட்டமும் இல்லை. கட்டி எலும்பை அரித்திருக்கிறதாம். அடுத்த வாரம் துணைக்கு ஆளோடு வரச் சொல்கிறார்கள். உன் அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை. வாடை இப்போது இந்த உறைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இல்லாத பொத்தான் நம்ம ரெண்டு பேருக்கும் எப்படி ஞாபகம் வந்தது? பயமா இருக்கு. திட்டினதை மனசுல வெச்சுக்காம கிளம்பி வா. நீ நிஜமாவே போட்டிருக்கக் கூடாதா, பாப்பா?