எந்தக் கோயில் விபூதி?

எனக்குக் கேள்வி கேட்கப் பிடிக்காது. தெரியாததற்கும் தலையாட்டிவிட்டு, பிறகு தனியாக முழிப்பதுதான் என் வழக்கம். இந்த நல்ல பழக்கத்தால் தொண்ணூற்றாறில் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

திண்டிவனத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஸ்டெல்லாவும் நானும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தோம். காதல் எப்படி வந்தது என்பதெல்லாம் இங்கே வேண்டாம் (அவள் இதைப் படிப்பாள்). அவள் அப்பா அந்தோணிசாமி, பக்கத்துக் கிராமத்துச் சின்ன மாதா கோயிலில் உபதேசியார். சாமியார் வராத நாட்களில் ஜெபம் நடத்துபவர். பெண் கேட்டுப் போனேன். பேரைக் கேட்டார். "சண்முகம்" என்றேன். மோட்டுவளையைப் பார்த்தார்.

"தவக்காலம் வருது தம்பி. ஈஸ்டர் வரைக்கும் நாப்பது நாளு எங்ககூட கோயிலுக்கு வாங்க, எங்க வழக்கமெல்லாம் பாருங்க. ஒத்துவருதான்னு அப்பால பேசலாம்."

ஆர்வக்கோளாறில் இரண்டு வாரம் முன்னாலேயே போக ஆரம்பித்தேன். வேறு மதம் என்றால் வேறு வார்த்தைகள் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இவர்களுக்கோ சர்ச் என்பது கோயில், பாதிரியார் என்பவர் சாமியார், வழிபாடு பூசை. கொடியேற்றம், தேர் எல்லாம் உண்டு. அடடா, நம்ம சமாச்சாரம்தான் என்று தைரியம் வந்துவிட்டது.

தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய நாள், உபதேசியார் சைக்கிளிலிருந்து விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். கட்டோடு உட்கார்ந்தபடி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நாளைக்கு விபூதி புதன். காலையில பூசைக்கு விபூதி வேணும். பெரிய கோயில்ல சொல்லி வச்சிருக்கேன். ஜல்தியா போய் வாங்கிக்கினு வந்துடுங்க."

அவர் சொன்னது திண்டிவனம் டவுனில் இருந்த பெரிய சர்ச். எங்கள் வீட்டில் பெரிய கோயில் என்றால் மயிலம் மலைக் கோயில்தான். மாதா கோயிலுக்கு எதற்கு முருகன் கோயில் விபூதி என்று ஒரு நொடி தோன்றியது. கேட்கவில்லை, தலையாட்டினேன். (மத ஒற்றுமை என்று நினைத்து உடம்பு வேறு புல்லரித்தது.)

மயிலம் பஸ்ஸைப் பிடித்தேன். கோயில் வாசலில் விபூதிக் கடை வைத்திருந்தவரிடம், "உபதேசியார் சொல்லி வச்சிருந்தாராமே?" என்றேன்.

"எந்த உபதேசியாரு? அப்பனுக்கே உபதேசம் பண்ணவரு உள்ள நின்னுக்கினு இருக்காரு. அவரா சொன்னாரு?"

முருகனைச் சொல்கிறார் என்று புரிந்தது; உபதேசியாரை ஏன் தெரியவில்லை என்று கேட்காமல் சிரித்துவைத்தேன். வாசனை விபூதியாகவே ஒரு பெரிய பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

மறுநாள் காலை கோயில் நிறைய ஜனம். சாமியார் பொட்டலத்தைப் பிரித்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. பன்னீர் வாசனை கடைசி வரிசை வரைக்கும் போனது.

"இதை எங்க வாங்கினீங்க?"

"மயிலம், சாமி. பெரிய கோயில்லயே!" என்றேன் பெருமையாக.

உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டார். ஸ்டெல்லா முக்காட்டை மூக்கு வரை இழுத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

சாமியார் கோபப்படவில்லை. "போன வருஷத்துக் குருத்தோலை வச்சிருக்கிறவங்க எடுத்துக்கிட்டு வாங்க" என்றார். ஐந்தே நிமிடத்தில், வீட்டுப் படங்களுக்குப் பின்னால் செருகி வைத்திருந்த காய்ந்த ஓலைகள் வந்து சேர்ந்தன. விபூதி கேட்டால் ஓலை வருகிறதே என்று நான் முழித்தேன். அவரே என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஏசு எருசலேமுக்குள்ள வந்தப்ப ஜனங்க ஓலை பிடிச்சு வரவேத்தாங்க. அஞ்சே நாள்ல சிலுவையில அறையச் சொல்லிட்டாங்க. அதனாலதான் அந்த நாள் ஞாபகமா நாம பிடிக்கிற ஓலையையே அடுத்த வருஷம் எரிச்சு நெத்தியில பூசறோம். நம்ம பெருமையெல்லாம் இவ்வளவுதான்னு."

என் பெருமை ஏற்கெனவே எரிந்து முடிந்திருந்தது.

சட்டியில் போட்டு எரித்தார்கள். பரிகாரமாக நானே விசிறினேன். விசிறிய வேகத்தில் பாதிச் சாம்பல் சாமியாரின் அங்கியில் போய் உட்கார்ந்தது. மீதியைத் தண்ணீரில் குழைத்து, 'நீ மண்ணாக இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்' என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி நெற்றியில் சிலுவை போட்டார். என் முறை வந்தது. ஈரச் சாம்பல் நெற்றியில் பட்டதுதான் தெரியும். இருபத்தாறு வருடப் பழக்கம். மூன்று விரல் தானாக எழுந்து, இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை இழுத்துவிட்டது. கன்னங்கரேலென்று பட்டை. அது போதாதென்று வாய் "முருகா" என்றது.

கோயிலே கொல்லென்று சிரித்தது. உபதேசியார் மட்டும் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் பெண்ணிடம் சொன்னார்: "சாமி எல்லாரையும்தான் மண்ணுன்னாரு. இந்தப் புள்ளைக்குதான் கச்சிதமா பொருந்துது."

கல்யாணம் அவ்வளவுதான் என்று அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் நாற்பது நாளும் போனேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு அவர் உயிரை வாங்கினேன். ஈஸ்டருக்கு மறுநாள் கூப்பிட்டார்.

"பொண்ணைக் குடுக்கறேன் மாப்ள. விபூதி வாங்க மட்டும் நீ போவாத."

பல வருடம் கழித்து, எங்கள் மகளின் ஞானப்பாட வகுப்பில் சிஸ்டர் கேட்டாராம்: "விபூதி புதனுக்குச் சாம்பல் எங்கிருந்து வருது?" தாத்தாவிடம் கதை கேட்டு வளர்ந்த மகள் எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள்: "மயிலத்துல இருந்து சிஸ்டர். எங்கப்பாதான் வாங்கிக்கினு வருவாரு."

அப்பாவை உடனே கோயிலுக்கு வரச் சொல்லி சிஸ்டர் ஆள் அனுப்பினார். எந்தக் கோயில் என்று கேட்டுக்கொண்டுதான் கிளம்பினேன்.