சார் போனுக்கு வாய் வந்தது

"பேட்டரி நாற்பது சதவீதம்" என்று செயல் அலுவலரின் போன் பெண் குரலில் சத்தமாக அறிவித்தது. அவருடைய உதவியாளர் யோகேஸ்வரன் அதைக் கீழே போடாமல் இருந்ததே பெரிய காரியம்.

பேரூராட்சி அலுவலகக் கூட்ட அறையில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கண் தெரியாதவர்களும் பயன்படுத்துகிற மாதிரி அரசு இணையதளத்தையும் கடிதங்களையும் தயாரிப்பது எப்படி என்று ஊழியர்களுக்குச் சொல்லித்தர, மதுரையிலிருந்து மர்ஜானா என்ற பெண் வந்திருந்தாள். அவளுக்கே கண் தெரியாது. அதனால் எல்லோரும் அவளிடம், காது கேட்காதவளிடம் பேசுவதுபோலக் கத்திப் பேசினார்கள்.

செயல் அலுவலர் அப்துல் ஹாதி முன்வரிசையில் இருந்தார். "யோகேஸ்வரா, ஒரு போட்டோ எடுத்து என் போன்லருந்து கலெக்டர் ஆபீஸ் குரூப்புல போடுய்யா" என்று போனை நீட்டினார். எப்போதும் அவர் காதை விட்டு இறங்காத இயர்போன் அதில் தொங்கியது. வராந்தாவுக்கு வந்து இவன் இயர்போனைப் பிடுங்கினான். போன் பேசிவிட்டது.

தன் கைதான் காரணம் என்று யோகேஸ்வரன் உடனே முடிவு செய்தான். சத்தத்தைக் கூட்டுகிற, குறைக்கிற இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் போன் திரையை வாசித்துக் காட்டும் என்று மர்ஜானா காலையில்தான் சொல்லியிருந்தாள். விரல் அங்கேதான் பட்டிருக்க வேண்டும். பதறிப்போய் மறுபடி அழுத்தினான். சத்தம்தான் கூடியது.

வேறு நாளாக இருந்தால் காலில் விழுந்திருப்பான். இன்று முடியாது. சொந்த ஊரான கமுதிக்கு மாறுதல் கேட்ட அவனுடைய மனு, சாரின் சிபாரிசோடு இன்று சாயந்திரத்துக்குள் மேலே போக வேண்டும். தவறினால் இந்த வருடம் கிடையாது. அங்கே மனைவி வீரலட்சுமிக்கு இது நிறைமாதம். "புள்ள பிறக்கும்போதாச்சும் வருவீகளா, இல்ல அதுவும் போன்லதானா?" என்று காலையிலும் கேட்டிருந்தாள்.

மூன்று வருடமாக அப்துல் ஹாதி அவனைப் பிடித்து வைத்திருந்தார். மகாராஜா ஒரு ஃபைலையும் தானாக வாசிக்க மாட்டார். "வாசிய்யா, கேக்குறேன்" என்பார். கையெழுத்துப் போடுகிற இடத்தையும் இவன்தான் விரல் வைத்துக் காட்ட வேண்டும். டிரைவர் ஹசன் அலி கதவைத் திறந்துவிட்டு முன்னால் நடந்தால்தான் நடப்பார். சுற்றறிக்கையைப் போட்டோவாக அனுப்பினால், "படத்த அனுப்பாத, டைப் அடிச்சு அனுப்புன்னு எத்தன தடவ சொல்றது?" என்று எகிறுவார். எல்லா அதிகாரியும் அப்படித்தானே என்று பொறுத்துக்கொண்டு யோகேஸ்வரன் நெஞ்செரிச்சல் மாத்திரை சாப்பிட்டான்.

இப்போது அந்த மகாராஜாவின் போன் கையில் கத்துகிறது.

"வாட்ஸாப். இயக்க இருமுறை தட்டவும்."

தட்டினான். எங்கெங்கேயோ தட்டினான். மணி அடித்தது. கலெக்டர் அலுவலக குரூப்புக்கே கால் போய்விட்டது.

"யாரு பேசுறது?" என்றது ஒரு கனத்த குரல்.

யோகேஸ்வரன் சிவப்புப் பொத்தானை அமுக்கினான்.

"அழைப்பைத் துண்டி. பொத்தான்" என்றது போன்.

"துண்டிடி தாயே!"

"யாருய்யா அது? யாரத் தாயேங்குற?" என்றது கனத்த குரல். அப்புறம் அதுவாகவே துண்டித்துக்கொண்டது.

சத்தம் கேட்டு இளநிலை உதவியாளர் உமாமகேஸ்வரி எட்டிப் பார்த்தாள். "அந்தப் பயிற்சிக்கு வந்த பிள்ளகிட்டயே கேளுங்களேன் அண்ணே."

"கண்ணு தெரியாத பிள்ள, பாவம். அதுகிட்ட போனக் குடுத்து என்னத்தக் கேக்க?" என்றான் யோகேஸ்வரன். சட்டைக்குள் போனைத் திணித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான். வழியெல்லாம் அவன் வயிறு மணி சொல்லிக்கொண்டே வந்தது. மீன்கூடையோடு போன ஒரு அம்மாள் நின்று அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள்.

செல்போன் கடை ரிஃபாய் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணே, இது கைதவறி வந்த மாதிரித் தெரியல. யாரோ பாத்துப் பாத்து வச்சிருக்காக. தமிழ்க் குரலு, வேகம் எல்லாம்..."

"வியாக்கியானம் வேணாம்லே. வேரோட பிடுங்கிரு."

"பிடுங்கவா?"

"பிடுங்கு. இனிமே இது வாயத் தெறக்கக் கூடாது."

ரிஃபாய் பிடுங்கினான். போன் ஊமையானது. யோகேஸ்வரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவன் திரும்பும்போது பயிற்சி முடிந்து மர்ஜானா பஸ் ஏறிவிட்டாள். இயர்போனை மறுபடி செருகிப் போனைப் பவ்யமாகக் கொடுத்தான். சார் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முகத்தில் என்றுமில்லாத மலர்ச்சி.

"அல்ஹம்துலில்லாஹ், நல்ல பயிற்சிய்யா. சரி, ஒன் சிபாரிசுக் கடிதத்த டைப் அடிச்சு என் போனுக்கு அனுப்பு. போட்டோவா அனுப்பிராத."

"பிரிண்ட் எடுத்தே வச்சிருக்கேன் சார். வாசிச்சுக் காட்டவா?"

"வேணாம். நீ வாசிச்சா நான் கையெழுத்துப் போட மாட்டேன். இத நானே வாசிக்கணும்."

என்ன திமிர் என்று நினைத்தான். ஆனாலும் அனுப்பினான். பிரிண்ட்டை மேசையில் வைத்து, கையெழுத்துப் போடுகிற இடத்தில் தயாராக விரலையும் வைத்தான்.

அப்துல் ஹாதி இயர்போனைக் காதில் மாட்டினார். திரையை மெதுவாகத் தடவினார். இன்னொரு தரம் தடவினார். இரண்டு முறை தட்டினார். முகத்திலிருந்த மலர்ச்சி அப்படியே வடிந்தது.

"இதுல என்னய்யா செஞ்ச?"

"சரி பண்ணிட்டேன் சார்" என்றான் யோகேஸ்வரன் பெருமையாக. "ஏதோ கத்திக்கிட்டே கெடந்துச்சு. இனி ஆயுசுக்கும் கத்தாது."

சார் போனைக் கவிழ்த்து வைத்தார். "நீ போய்யா. அடுத்த வருசம் பாப்போம்."

"சார், வீட்டுல இது நிறைமாசம் சார்..."

"போய்யான்னு சொல்றேன்ல."

வராந்தாவுக்கு வந்த யோகேஸ்வரனுக்கு அழுகையே வந்துவிட்டது. வீரலட்சுமிக்கு என்ன பதில் சொல்வது? வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த ஹசன் அலியிடம் எல்லாவற்றையும் கொட்டினான். "ஒரு போனச் சரி பண்ணிக் குடுத்ததுக்கு இப்படியா பாய் ஒரு மனுசன் பழிவாங்குவாரு?"

ஹசன் அலி துணியைக் கீழே போட்டார்.

"நீ ஊருக்குப் போயிட்டா ஃபைல் வாசிக்க ஆள் வேணுமேன்னுதான்யா, கண்ணு தெரியாத மனுசன் வருசமெல்லாம் அந்தக் குரலப் பழகுனாரு!"