உங்கள் விருப்பமே எங்கள் தர்மம்

இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் ஒரு பெட்டி நிரம்பிவிட்டது. மற்ற இரண்டையும் ஆட்டிப் பார்த்தால், உள்ளே ஒன்றிரண்டு தகர வில்லைகள் உருளும் சத்தம்தான் கேட்டது.

"ஏய்யா ஆசீர்வாதம், என்னய்யா இது? நெறஞ்சது பூரா உங்க சிஸ்டர்மாரு பெட்டியா இருக்கு" என்றார் முதலாளி வெள்ளைத்துரை.

"முதலாளி, சத்தியமா நான் ஒண்ணும் செய்யல."

"நீ செய்யலன்னு எனக்குத் தெரியும்யா. ஊருக்குத் தெரியுமா?"

ஊர் என்ன சொல்லும் என்பதுதான் வெள்ளைத்துரையின் தீராத வியாதி. தல்லாகுளத்தில் கோர்ட்டுக்குப் போகிற வழியில் அவருடைய ஜவுளிக்கடை. வருடா வருடம் தீபாவளிக்கு நூறு பேருக்குப் புதுத்துணி தானம் செய்வார். போன வருடம் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தார். அந்த இல்லத்தில் அவருடைய சின்ன மாமனார் இருக்கிறார் என்பதை யாரோ கண்டுபிடித்துப் பரப்பிவிட்டார்கள். மனுஷன் பொங்கல் வரைக்கும் வெளியே தலைகாட்டவில்லை.

அதனால் இந்த வருடம் பொறுப்பைத் தூக்கி வாடிக்கையாளர் தலையில் வைத்துவிட்டார். பில்லோடு ஆளுக்கொரு தகர வில்லை. வாசலருகே மூடியில் ஓட்டை போட்ட மூன்று பிஸ்கட் டின்கள். ஒன்று சிஸ்டர்கள் நடத்தும் பிள்ளைகள் விடுதிக்கு, இன்னொன்று அதே முதியோர் இல்லத்துக்கு, மூன்றாவது கண் முகாம் நடத்தும் ஒரு கமிட்டிக்கு. பத்து நாள் கழித்து எந்தப் பெட்டியில் வில்லை அதிகமோ, நூறு உருப்படியும் அவர்களுக்கு. வாசலில் 'உங்கள் விருப்பமே எங்கள் தர்மம்' என்று எட்டு முழத்துக்குத் துணி பேனர் வேறு.

நடத்திக்கொடுக்க வேண்டியவர் சூப்பர்வைசர் ஆசீர்வாதம். "புகார் இல்லாம முடிச்சுக் குடு. தை மாசம் பரவையில தொறக்கிற கடைக்கு நீதான் மேனேஜர். ஒரு புகார் வந்துச்சு, அப்புறம் இங்கயே கஜக்கோலோட நின்னுக்கிட்டு இரு" என்று முதலாளி தெளிவாகச் சொல்லியிருந்தார்.

ஆசீர்வாதம் பன்னிரண்டு வருடமாக நின்றுகொண்டுதான் இருக்கிறார். கெண்டைக்காலில் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகக் கிளம்பிவிட்டது. வீடு பரவையில். காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டு வருவார், கடையில் நிற்பார், ராத்திரி நின்றுகொண்டே திரும்புவார். மேனேஜர் என்றால் நாற்காலி. சுழலாத நாற்காலியாக இருந்தாலும் பரவாயில்லை, கை வைத்திருந்தால் போதும் என்று மனைவி விக்டோரியாவிடம் சொல்லியிருந்தார். அவள் அதற்குள் அந்த நாற்காலிக்குப் பூப்போட்ட மெத்தை ஒன்று தைத்து பீரோவில் வைத்துவிட்டாள்.

ஆகவே, பெட்டி நிரம்பியதும் ஆசீர்வாதம் மற்ற இரண்டையும் மறுபடி மறுபடி ஆட்டிப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் ஒச்சம்மாள் வந்தாள். செக்கானூரணிப் பக்கத்து ஊர். வரப்புத் தகராறில் கொழுந்தன் நல்லகாமன் போட்ட கேஸுக்காகக் கோர்ட் உள்ள நாளெல்லாம் வந்துகொண்டிருந்தாள். ஒரே ஒரு கைக்குட்டை வாங்கினாள், வில்லையைக் கையில் வாங்கிக்கொண்டு சிஸ்டர்கள் பெட்டி பக்கத்தில் போய் நின்று முகத்தைத் துடைத்தாள்.

"பெட்டியில போடுங்கம்மா" என்றார் ஆசீர்வாதம்.

"போடுறேன் தம்பி. இந்தப் பெட்டி இங்கனயேதேன் இருக்கணுமா?"

ஆசீர்வாதத்துக்குப் பொறி தட்டியது. சிஸ்டர்கள் பெட்டி வாசலை ஒட்டி, ஃபேனுக்குக் கீழே, ஒரு ஸ்டூலின் மேல் இருந்தது. மற்ற இரண்டும் தள்ளி, கவுண்டர் மேல். வெளியே போகிறவன் எதில் போடுவான்? காத்து வருகிற இடத்தில்தான் போடுவான்.

"கரெக்டாச் சொன்னீங்கம்மா. உங்களை மாதிரி நாலு பேரு இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். ஒச்சம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தது அவர் முதுகுக்குத்தான் தெரியும்.

ஜாக்கெட் பிட் பகுதியில் சின்னத்தாய், கிடைத்த ரெண்டு நிமிடத்துக்கு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரி தாயி, ஸ்டூலு வேணும்."

"அண்ணே, கடையில பொம்பளைப் பிள்ளைகளுக்கு இருக்கிறதே இந்த ஒண்ணுதான்."

"பத்து நாளைக்குத்தான். தர்ம காரியம்."

தையல்காரர் ஸ்டூலும் வந்தது. தையல்காரர் நின்றுகொண்டே பெடலை மிதிக்கப் பழகிக்கொண்டார். மூன்று பெட்டியும் மூன்று ஸ்டூலில், ஃபேனுக்குக் கீழே ஒரே வரிசையில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி நின்றன. ஆசீர்வாதம் தள்ளி நின்று பார்த்துத் திருப்திப்பட்டார்.

மறுநாள் புதுத் தொல்லை. மூன்றும் ஒரே பிராண்டு பிஸ்கட் டின். எது யாருடையது என்று கேட்டுக் கேட்டு ஜனங்கள் அவர் உயிரை எடுத்தார்கள். ஒச்சம்மாளும் இரண்டாவது கைக்குட்டையோடு வந்து நின்றாள். வரிசையை மேலும் கீழும் பார்த்தாள். அவள் முகம் விழுந்துவிட்டது.

"என்ன தம்பி, மூணையும் இப்படித் தூக்கி வச்சுட்ட?"

"எது எதுன்னு தெரியல. அதானேம்மா?"

"எனக்கு எழுத்துத் தெரியாதுதேன். ஆனா நான் சொல்ல வந்தது..."

"புரிஞ்சுபோச்சும்மா, புரிஞ்சுபோச்சு. நாளைக்கு வாங்க, எப்படி இருக்குன்னு பாருங்க."

சினிமா பேனர் எழுதுகிற ஒருவரைப் பிடித்து மூன்று தட்டிகளில் படம் எழுத வைத்தார். விடுதிக்கு ஒரு பிள்ளை, முதியோர் இல்லத்துக்கு ஒரு கிழவர், முகாமுக்கு ஒரு பெரிய கண். தட்டிகளைச் சாய்த்து வைக்க, வாடிக்கையாளர் உட்காருகிற நீள பெஞ்சை இழுத்து வந்து பெட்டிகளுக்குப் பின்னால் போட்டார்.

படம் நன்றாகத்தான் வந்திருந்தது. கொஞ்சம் அதிகமாகவே நன்றாக வந்திருந்தது. கிழவருக்குத் தாராளமாகத் தாடி விட்டு, தலைக்குப் பின்னால் ஒரு வெளிச்ச வட்டமும் போட்டிருந்தார் அந்த மனிதர். பத்து மணிக்கு ஒரு அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். பதினொரு மணிக்குக் கிழவருக்குப் பூமாலை வந்தது. பன்னிரண்டு மணிக்கு யாரோ சூடம் ஏற்ற, தாடியில் பாதி கருகியது.

கண் கதை இன்னும் மோசம். அவ்வளவு பெரிய கண்ணைப் பார்த்ததும் பிள்ளைக்காரிகளுக்குத் திருஷ்டி ஞாபகம் வந்துவிட்டது. வில்லையைப் பிள்ளை தலையை மூன்று தரம் சுற்றி, கண் பெட்டியில் போட்டார்கள். வீட்டுக்குப் போய் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்தும் சுற்றினார்கள். சாயங்காலம் பெட்டியைத் திறந்தால் வில்லைகளோடு உப்பும் மிளகாய் வத்தலும் இருந்தன. முதலாளிக்கு விடாமல் நாலு தும்மல் வந்தது.

"நான் ஜவுளிக்கடை வச்சிருக்கேனா, கோடாங்கி வீடு வச்சிருக்கேனாய்யா?"

"காலையில சரி பண்ணிர்றேன் முதலாளி."

"பரவைய நெனச்சுக்க" என்றார் முதலாளி. ஆசீர்வாதம் வேறு எதையும் நினைக்கவே இல்லை.

காலையில் தட்டிகளை எடுத்தார். பெஞ்சையும் எடுத்திருப்பார். அதற்குள் செய்தி பரவி, மூன்று இடத்திலிருந்தும் ஆள் வந்துவிட்டார்கள். விடுதியிலிருந்து தெரசா சிஸ்டர், இல்லத்திலிருந்து வார்டன் மலையாண்டி, கண் கமிட்டியிலிருந்து செயலாளர். நடந்ததெல்லாம் செல்லாது, பெட்டியைக் கவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும், தொடங்கினால் நாங்களும் பக்கத்தில் இருப்போம் என்றார்கள். பெட்டிகளைக் காலியாக்க வைத்துவிட்டுப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். தூக்குச்சட்டியில் மத்தியானச் சாப்பாடும் கொண்டுவந்திருந்தார்கள்.

இனி ஆசீர்வாதமே ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் வாயால் விளக்க வேண்டும் என்று ஏற்பாடு. அவர் 'விடுதி' என்று முதலில் ஆரம்பித்தால் மலையாண்டி இருமுவார். 'இல்லம்' என்று ஆரம்பித்தால் தெரசா சிஸ்டர் ஜெபமாலையை வேகமாக உருட்டுவார். 'கண்' என்றால் இரண்டும் நடந்தது. வாடிக்கையாளர்கள் யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் வில்லையை அவர் கையிலேயே திணித்துவிட்டு நழுவினார்கள். உட்கார்ந்து துணி பார்க்க இடமில்லை என்பதால் வேகமாகவே நழுவினார்கள். ஆசீர்வாதத்துக்கும் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. பெட்டிக்கும் கவுண்டருக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தார்.

ஐந்தாவது கைக்குட்டையோடு ஒச்சம்மாள் வந்தாள். வெயிலில் முகம் கறுத்திருந்தது. பெஞ்சில் இருந்த மூன்று பேரையும் பார்த்தாள், பெட்டிகளைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள்.

"இப்ப ஆளையும் கொண்டாந்து வச்சுட்டியா தம்பி?"

"உங்களை யாரும் கட்டாயப்படுத்த மாட்டாங்கம்மா. வில்லையைக் குடுங்க, நான் போட்டுக்கிறேன்."

"வேணாம்யா. என் வில்லை என்கிட்டயே இருக்கட்டும். நீ என்னைக்கு நின்னு கேக்கிறயோ அன்னைக்குப் போடுறேன்."

"நான் நின்னுக்கிட்டேதானம்மா இருக்கேன்" என்றார் ஆசீர்வாதம். அவர் வாழ்க்கையில் அதைவிட உண்மையான வார்த்தை பேசியதில்லை.

அன்று சாயங்காலம் அவருக்குக் கடைசி யோசனை உதித்தது. கைக்கு வருகிற வில்லைகளை, முதல் பெட்டிக்கு ஒன்று, இரண்டாவதுக்கு ஒன்று, மூன்றாவதுக்கு ஒன்று என்று முறை வைத்துப் போட்டார். இருமல் நின்றது. ஜெபமாலை நிதானமானது. பத்தாம் நாள் வரைக்கும் கடையில் ஒரு புகார் இல்லை. வாசலில் பேனர் படபடக்கும்போது மட்டும் அவர் அந்தப் பக்கம் திரும்பாமல் இருந்தார்.

பத்தாம் நாள் கவுண்டரில் எண்ணினார்கள். விடுதிக்கு இருநூற்றுப் பதினாலு. இல்லத்துக்கு இருநூற்றுப் பதினாலு. கண்ணுக்கும் இருநூற்றுப் பதினாலு.

முதலாளி மூன்று குவியலையும் பார்த்துவிட்டு ஆசீர்வாதத்தைப் பார்த்தார்.

"அறுநூத்திச் சொச்சம் பேரு. ஒருத்தன் கூட கூடக்கொறய போடலயா?"

ஆசீர்வாதம் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "நாந்தான் முதலாளி... பாவம், மூணு பேரும் பாத்துக்கிட்டே இருந்தாங்க" என்றார். பீரோவில் இருக்கும் மெத்தை கண்முன் வந்தது. விக்டோரியா அதற்கு விளிம்பில் லேஸ் வைத்துத் தைத்திருந்தாள். அதை நினைக்க அழுகை வந்தது.

"வெளியில என்னய்யா எழுதிப் போட்டிருக்கு? வாடிக்கையாளர் விருப்பம். இதுல ஒரே ஒருத்தர் விருப்பமாவது இருக்கா?"

அப்போது சின்னத்தாய், வலிக்கிற காலை மாற்றி ஊன்றிக்கொண்டு, வாசலைக் காட்டினாள். "அந்தா வாராங்கல்ல, அந்தம்மா ஒரு வில்லையும் போடல முதலாளி. எல்லாத்தையும் முந்தானையில முடிஞ்சு வச்சிருக்காங்க."

ஒச்சம்மாள் எட்டாவது கைக்குட்டைக்காகப் படியேறிக்கொண்டிருந்தாள்.

முதலாளி எழுந்தே நின்றுவிட்டார். எட்டு நாள் வந்து, ஏழு உருப்படி வாங்கி, யாருக்குக் கொடுப்பது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிற வாடிக்கையாளர். இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் அவர் பேனரே கட்டியது.

"ஆசீர்வாதம், நல்லாக் கேட்டுக்க. இந்தம்மா யாரைச் சொல்றாங்களோ அவங்களுக்குத்தான் நூறு உருப்படியும். இந்தக் கடையில அவங்க விருப்பத்தை மரியாதையாக் கேட்டோம்னு அவங்க வாயால ஒரு வார்த்தை வரட்டும், பரவை உனக்கு. வரலேன்னா கஜக்கோலை எடு."

தெரசா சிஸ்டரும் மலையாண்டியும் செயலாளரும் பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டார்கள். ஆசீர்வாதம் கையைக் கட்டிக்கொண்டு, பத்து நாளில் முதல் தடவையாக அசையாமல் அவள் எதிரில் நின்றார்.

"சொல்லுங்கம்மா. உங்க விருப்பம் என்ன? நீங்க முடிக்கிற வரைக்கும் நான் குறுக்க பேசல."

ஒச்சம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஏழு வில்லைகளையும் அவர் கையில் கொட்டினாள்.

"யாருக்கு வேணும்னாலும் குடுங்கய்யா, எல்லாரும் நல்லவகதேன். கோர்ட்டுல நாள் பூரா நிக்க வைக்கிறாகளே, போன வாய்தாவுக்கு வந்தப்ப உக்காந்தமாதிரி அந்த ஃபேனுக்கடி ஸ்டூலுல செத்த உக்காந்துட்டுப் போவோம்னுதேன் நெதம் ஒரு கைக்குட்டைய வாங்கிக்கிட்டு வாரேன், இந்தத் தம்பிதேன் ஒரு நாளும் அந்தப் பெட்டிய எறக்கி வைக்கல."