மலைக்கு ஒட்டுப்போட்ட தையல்காரர்

மலையடிவாரத்தில் இருந்த இளஞ்சிவப்புப் பாறைதான் தையல்காரரின் கண்ணை உறுத்தியது.

"மத்ததெல்லாம் அம்சமா இருக்கு மாப்ளே. சாம்பல் நிறத்துல ரெண்டு குன்று, நடுவுல ஆளையே மறைக்கிற மாதிரி பனி. இந்தப் பாறை மட்டும் எங்கிருந்து வந்து உட்கார்ந்துச்சு?"

"அழிச்சுடலாம் மாமா," என்றான் மச்சான்.

மனைவியின் தம்பி அவன். இலவசமாகக் கிடைக்கும் ஒரு படத் திருத்த மென்பொருளைத் தையல்கடையின் பழைய கணினியில் காலையில்தான் இறக்கிக் கொடுத்திருந்தான். அதைத் தானும் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

எல்லாம் பக்கத்து வீட்டு டிரைவர் அண்ணனுக்காக. முப்பத்தோரு வருஷம் மலைப்பாதையில் பேருந்து ஓட்டியவர், இடுப்பெலும்பு முறிந்து இரண்டு மாதமாகப் படுக்கையில் கிடந்தார். எதிரே வெறும் சுவர். விடிந்தால் அறுவைச் சிகிச்சை. சாப்பாட்டைத் தள்ளிவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு, "இனிமே நான் எங்க மலையைப் பார்க்கப் போறேன், தம்பி" என்று நேற்று சொன்னபோது தையல்காரருக்கு மனசு பொறுக்கவில்லை.

"எங்கிட்ட போட்டோ இருக்கு அண்ணே. நாளைக்கே கொண்டாந்து மாட்டிடறேன்."

வாக்குக் கொடுத்த பிறகுதான் செல்போனைத் திறந்தார். போன மாதம் மலைக்குப் போனபோது எடுத்தவற்றில் பதினேழு படங்களில் அவருடைய கட்டைவிரல். நாலில் முன் சீட்டுக்காரரின் பிடரி. கடைசியில் கிடைத்தது இது. எப்போது எடுத்தோம் என்றே ஞாபகம் வரவில்லை. 'ஆண்டவனே நம்ம கையைப் பிடிச்சு எடுத்திருக்கார்' என்று ஒரு நிமிஷம் கண்ணை மூடி நன்றி சொன்னார்.

"நல்ல இடத்துலேருந்து கொஞ்சம் எடுத்து, கெட்ட இடத்துல ஒட்டணும் மாமா. இதுக்குன்னு ஒரு கருவி இருக்கு."

"ஒட்டுப்போடுறதை எனக்கே சொல்லித் தர்றியா? தள்ளு."

தையல்காரர் சுட்டெலியைப் பிடித்து இழுத்தார். எடுக்கவேண்டிய இடத்தையும் ஒட்டவேண்டிய இடத்தையும் மாற்றிக்கொண்டார் போலிருக்கிறது. ஒரு பாறை இருந்த இடத்தில் வரிசையாக ஐந்து பாறைகள்.

"குட்டி போட்டிருச்சே மாப்ளே."

"அதை விடுங்க. கொஞ்சம் பச்சை ஏத்துவோம். மலை பளிச்சுன்னு இருந்தா பாறையை யார் பார்க்கப்போறா?"

ஏற்றினார்கள். மலை பச்சையானது. பனியும் பச்சையானது.

"கிளியைக் குளிப்பாட்டித் துவட்டின துண்டு மாதிரி இருக்குடா."

"பின்னாடி போயிடலாம் மாமா, ஒரு பட்டனை அமுக்கினா போதும்."

மச்சான் ஒரு முறை அமுக்கினான். அசையவில்லை. நாற்பது முறை அமுக்கினான். கணினி பெருமூச்சு விட்டு அணைந்தது. மறுபடி உயிர் வந்தபோது ஐந்து பாறைகளோடும் பச்சைப் பனியோடும் படம் அப்படியே நின்றது. நடுவில் ஒரு தடவை அதன்மேலேயே சேமித்திருந்தான்.

"சரி, போன்லேருந்து முதல்ல இருந்ததை மறுபடி எடு."

மச்சான் மோட்டுவளையைப் பார்த்தான்.

"என்னடா?"

"போன்ல இடம் பத்தலைன்னு காட்டுச்சு மாமா. இங்க ஏத்தினதும் அங்க அழிச்சுட்டேன்."

வேறொரு மனிதராயிருந்தால் கத்தரிக்கோலைத் தேடியிருப்பார். தையல்காரர் தண்ணீர் குடித்தார். தெரியாமல் செய்தவனைத் திட்டினால் தெரிந்து செய்தவனாக ஆகிவிடுவான் என்பது அவர் எண்ணம்.

"அச்சுக் கடையை எப்ப பூட்டுவாங்க?"

"ஆறு மணிக்கு. இன்னும் நாப்பது நிமிஷம்."

"அப்படின்னா நிறமே வேண்டாம். கறுப்பு வெள்ளையாக்கு. பாறைங்க மேல பனியைப் பூசிடலாம்."

அது பலித்தது. ஐந்து பாறைகளும் வெள்ளைக்குள் போயின. கடைசியாக ஒருமுறை சரிபார்க்கலாமென்று பெரிதாக்கிப் பார்த்தவர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மாப்ளே, மலையோரமா ஒரு தையல் ஓடுது."

"அது நாய்ஸ் மாமா. படம் எடுக்கும்போது விழுற புள்ளி."

"இஞ்சுக்குப் பத்துத் தையல், கணக்கா ஓடுதுடா."

"பெருசு பண்ணிப் பார்த்தா எல்லா மலையும் அப்படித்தான் தெரியும். உங்களுக்கு நாள் முழுக்கத் துணியைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிருச்சு."

இருக்கலாம் என்று தையல்காரரும் ஒப்புக்கொண்டார். தையலின் மேலும் ஒரு விரல்கடை பனி விழுந்தது.

ஆறரை மணிக்கு, சுவரளவு பெரிதாக அச்சிட்ட படம் டிரைவர் அண்ணனின் கட்டிலுக்கு எதிரே ஏறியது. தையல்காரர் ஆணியைச் சரிபார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முப்பத்தோரு வருஷம் பார்த்த கண். ஒட்டுப்போட்டது தெரிந்துவிட்டால்?

அண்ணன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அடிவாரத்திலிருந்து உச்சிவரை பார்த்தார்.

"பதினோராவது வளைவு."

"அப்படியாண்ணே?"

"பின்ன? இங்கதான் வண்டி சூடாகும். இறங்கித் தண்ணி ஊத்துவேன். அந்தச் சின்னக் குன்றுக்குப் பின்னாடிதான் ஊத்து இருக்கு, உனக்குத் தெரியாது. பனி எப்பவும் இடது பக்கமாத்தான் ஏறும், பாரு, அப்படியே ஏறுது." கையை நீட்டினார். "தலையணையை இன்னும் கொஞ்சம் உசத்து தம்பி. அந்த சூப்பையும் எடு. நாளைக்கு டாக்டர் என்ன வேணா பண்ணட்டும்."

தையல்காரர் கண்களைத் துடைத்துக்கொண்டு சூப்பை ஊட்டினார். மச்சான், தானே அந்த மலையைப் படைத்தவன்போல் கை கட்டி நின்றான்.

வேலை முடிந்து நேராக அங்கே வந்த தையல்காரரின் மனைவி, படத்தின் முன் நின்று தலையை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள். பிறகு கணவரின் காதருகே குனிந்து, அண்ணனுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"ஏங்க, மலைக்குப் போயிட்டு வந்து சளி பிடிச்சு, போர்வையைப் போர்த்திக்கிட்டு, குதிகால் மட்டும் வெளியே தெரிய ஆவி பிடிச்சீங்களே, அப்ப உங்களை நான் எடுத்த போட்டோவை எதுக்கு இங்க மாட்டி வெச்சிருக்கீங்க?"