துப்பறியும் தணிகாசலத்தின் பசி

எறும்பைக்கூட மிதிக்காத கொலைகாரர் ஒருவர் இந்த உலகத்தில் இருந்தார் என்றால், அவர் எண்பதுகளில் எங்கள் திண்டிவனம் ஆபீஸில், தபால் அனுப்பும் செக்‌ஷனில்தான் இருந்தார். ஆபீஸ் முழுக்க அவருக்குப் பெயரே ‘கொலைகாரர்’. புதிதாகச் சேர்ந்த டைப்பிஸ்ட் அம்மாவிடம் யாரோ, "கொலைகாரர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிக்கினு வாங்க" என்று சொல்ல, அந்த அம்மா இரண்டு நாள் லீவு போட்டுவிட்டார்.

விஷயம் இதுதான். மனிதர் துப்பறியும் கதை எழுதுவார். விழுப்புரத்திலிருந்து பாசஞ்சரில் வரும்போது ஒரு கொலை, திரும்பிப் போகும்போது ஒரு சாப்பாடு. அவருடைய துப்பறியும் நிபுணர் தணிகாசலம் சாப்பிடாமல் ஒரு துப்பும் துலக்கமாட்டார். வில்லன் நெஞ்சில் துப்பாக்கியை வைத்தால், இரு, இரண்டாவது தோசை வரட்டும் என்பார். அவனும் இருப்பான். ஒருமுறை தணிகாசலம் லண்டனுக்கே போய், அங்கே ஓட்டலில் கேப்பைக் கூழும், எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற அவித்த வேர்க்கடலையும் சாப்பிட்டார். லண்டனில் கூழ் ஏதய்யா என்று கேட்டேன். கேட்கிற மாதிரி கேட்டால் கொடுப்பார்கள் என்றார். அவர் அதிகபட்சம் பார்த்த வெளியூர், பக்கத்தில் இருக்கிற திருவக்கரை.

குற்றவாளியைப் பிடிக்கத் தணிகாசலத்திடம் ஒரே விதி: மனசில் குற்றம் உள்ளவன் மோர்ச்சோறு வரைக்கும் உட்காரமாட்டான். ஆபீஸில் எங்கள் சாப்பாட்டு டப்பாக்களையும் இவர் அப்படித்தான் நோட்டம் விடுவார். ஒருநாள் நான் மோருக்கு முன்னாலேயே எழுந்துவிட்டேன். பக்கத்தில் வந்து, "இன்னா சார், வீட்ல சண்டையா? தப்பு உங்க மேலதானே?" என்றார். இரண்டுமே சரி.

அப்புறம், அவர் அனுப்பியிருந்த ஒரு கதையோடு மெட்ராஸ் பதிப்பகம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. கதை பிரமாதம், மாத நாவலாகப் போடுகிறோம், சாப்பாட்டை மட்டும் எடுத்துவிடுங்கள். தன் பெயரை அச்சில் பார்க்கத்தான் மனிதர் பல வருஷமாக எழுதிக்கொண்டிருந்தார். தன்னால் வெட்ட முடியாது என்று கதையை என்னிடம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பூரா உட்கார்ந்து இட்லி, பூரி, மீன்குழம்பு எல்லாவற்றையும் பென்சிலால் அடித்தேன். கதை பிய்த்துக்கொண்டு ஓடியது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

திங்கட்கிழமை மதியம் படித்தார். அவருடைய டப்பா திறந்தபடியே கிடந்தது, ஒரு வாய் வைக்கவில்லை.

"சார், மூணு நாளா வெயில்ல ஓடிக்கினு இருக்கான். ஒரு டீகூட வாங்கித் தரலியே நீங்க."

கதைதானே ஐயா, உங்கள் பெயர் அச்சில் வரும், ஊரே படிக்கும் என்று கெஞ்சிப் பார்த்தேன். எனக்குக் கோபம்கூட வந்தது.

"வேணாம் சார். என் பேரு வரணும்னு அவனைப் பட்டினி போட முடியுமா?"

கதை திரும்ப மெட்ராஸுக்குப் போகவே இல்லை. அவர் எதிரிலேயே ரப்பரை எடுத்து, நான் போட்ட கோடுகளையெல்லாம் அழித்தேன். அதுவும் போதாது என்று தோன்றியது. தணிகாசலம் மூச்சிரைக்க ஓடுகிற இடத்தில், என் கையெழுத்திலேயே ஒரு டீயும் இரண்டு வடையும் எழுதிச் சேர்த்தேன். வாங்கிப் படித்தவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சட்னி, சார்?" என்றார் மெதுவாக.

எழுதிக் கொடுத்தேன். அந்த மனுஷன் கேட்டால் நான் எதைத்தான் இல்லை என்பேன்?