நூபியாவுக்கு எஃப்.சி.

ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்குச் சான் புரூனோவில் இரண்டில் ஒன்று வந்தே தீரும். ஒன்று சர்க்கரை, மற்றது சாகசம். நூபியாவின் கணவர் அர்செசியோவுக்கு இரண்டும் ஒரே மாதத்தில் வந்தன. சர்க்கரைக்கு மாத்திரை இருந்தது. சாகசத்துக்கு மோட்டார் சைக்கிள்தான் வாங்க வேண்டியிருந்தது.

அது சந்தைக்குப் போய் வரும் வகையைச் சேர்ந்ததல்ல. கண்டம் தாண்டும் நெடும்பயண வண்டி, வயது பத்தொன்பது. குதிரை உயரம், எருமை எடை, இரு பக்கமும் அலுமினியப் பெட்டிகள், பெட்டி நிறையப் பல நாட்டுக் கொடிகளின் ஸ்டிக்கர். ஒரு ஜெர்மன்காரன் அதில் கண்டத்தின் தென்முனையைப் பார்க்கக் கிளம்பி, வழியில் பல்வலி வந்து சான் புரூனோவில் இறங்கி, பல் பிடுங்கிய அம்மாவையே கல்யாணம் செய்துகொண்டான். தென்முனை இன்னும் அங்கேயே இருக்கிறது. வண்டி அர்செசியோவிடம் வந்தது.

அந்த வருஷம் ஊரில் கௌரவமான ஆண் ஒவ்வொருவரிடமும் அப்படி ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயச் சதுக்கத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்துவார்கள். பாலைவனம் கடக்கும் பூட்ஸும், எரிமலையே கக்கினாலும் தாங்கும் சட்டையும் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு காபி குடிப்பார்கள். அப்புறம் வீட்டுக்குப் போவார்கள். இதற்குப் பெயர் பயணம்.

அர்செசியோவும் பூட்ஸ் வாங்கினார். பாக்கெட்டுக்குள் பாக்கெட் வைத்த சட்டை வாங்கினார். ஆனால் வண்டியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடவில்லை. முதல் நாளே வாசலில், ஓடாத வண்டியிலிருந்து, மெதுவாக, ஒரு பக்கமாக விழுந்தார்.

"விழல. சாய்ச்சுப் பார்த்தேன்," என்றார், அடியில் கிடந்தபடி.

"சாய்ச்சது சரி. பூந்தொட்டி மேலயா சாய்க்கணும்?" என்றாள் நூபியா. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து வண்டியைத் தூக்கி நிறுத்தினாள்.

அவளுக்குக் கால் எட்டியது. நெடுநெடுவென்று வளர்ந்தவள்; கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பால் கேன் கட்டி மலையிறங்கியவள். ஒரு வாரத்தில் வண்டியின் குணம் முழுக்கப் பிடிபட்டுவிட்டது. குளிர்ந்த காலையில் சோக்கை முழுதாக இழுத்துவிட்டு, வேறெதையோ யோசிப்பதுபோல் நின்று பட்டனை அழுத்தினால் கிளம்பும். 'கிளம்பேன்' என்று கெஞ்சினால் கிளம்பாது. சந்தோஷமாக இருந்தால் ஒரு சத்தம், எண்ணெய் வேண்டுமென்றால் ஒரு சத்தம். இத்தனை வருஷம் அர்செசியோவோடு குடும்பம் நடத்தியவளுக்கு இதெல்லாம் பாலர் வகுப்புப் பாடம்.

ஒருநாள் மதியம் அரேப்பா என்கிற சோள ரொட்டியைச் சுட்டுக்கொண்டே சொன்னாள்: "வர்ற நீண்ட லீவுல நான் கடலுக்குப் போறேன்."

"எந்தக் கடல்?"

"எத்தனை கடலை எனக்குக் காட்டியிருக்கீங்க, எந்தக் கடல்னு கேக்கறதுக்கு?"

உண்மைதான். நூபியா கடலைப் பார்த்ததே இல்லை. 'அடுத்த வருஷம்' என்று அர்செசியோ சொன்ன வருஷங்களை அடுக்கினால் கடல்வரை பாலம் போடலாம். இப்போது வண்டி இருக்கிறது, கால் எட்டுகிறது. ஒன்றுதான் பாக்கி: பெயர் மாற்றம். ஆர்.சி. இன்னும் ஜெர்மன்காரன் பெயரில் இருந்தது. அப்படியே நெடுஞ்சாலையில் ஏறினால் போலீஸ் வண்டியை யார்டுக்கு இழுத்துப் போய்விடும். யார்டிலிருந்து இதுவரை மீண்டு வந்தது இரண்டு கண்ணாடிகள் மட்டுமே. அவையும் வேறொருவர் வண்டியில் வந்தன.

பயணத்துக்கு முந்தைய வாரம் இருவரும் போக்குவரத்து அலுவலகம் போனார்கள். ஓட்டியது நூபியா. உரிமையாளர் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

கவுண்டரில் லிபார்டோ என்பவர் இருந்தார். கழுத்தில் டை இருந்ததால் அவர் டாக்டர். எங்கள் பக்கத்தில் டை கட்டியவரெல்லாம் டாக்டர்தான்; வைத்தியம் தெரிந்தவரைத் தேடுவதுதான் கஷ்டம்.

"வண்டி எங்கே?" என்றார் டாக்டர் லிபார்டோ.

"கீழ நிக்குது."

"கவுண்டர்ல ஆஜர்படுத்தணும். விதி."

"டாக்டர், உங்க கவுண்டர் மூணாவது மாடியில இருக்கு."

"அதுல கவுண்டர் மேல எந்தத் தப்பும் இல்ல."

"லிஃப்ட்ல ஏத்தலாமா?"

"லிஃப்டுக்கு எஃப்.சி. முடிஞ்சுபோச்சு. அதையும் இங்க ஆஜர்படுத்தணும். அது மேல வரமாட்டேங்குது."

நூபியா பெருமூச்சு விட்டுத் திரும்பினாள். அப்போதுதான் டாக்டர் அவள் முதுகைப் பார்த்தார். வண்டி ஓட்டுபவர் தலைக்கவசத்திலும் மேலங்கியிலும் வண்டி எண்ணைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது ஊர்ச் சட்டம். அவள் முதுகில் பளபளவென்று QZT 47C இருந்தது.

"நில்லுங்கம்மா. அது என்ன நம்பர்?"

"வண்டி நம்பர். போட்டுக்கலேன்னா அபராதம்னு நீங்கதானே சொல்றீங்க."

"பதிவெண் எதன்மேல் பொறிக்கப்பட்டுள்ளதோ அதுவே வாகனம் எனப்படும். பிரிவு நாலு." டாக்டர் முகம் மலர்ந்தது. "வாகனந்தான் மேல வந்தாச்சே, இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"டாக்டர், நான் நூபியா."

"மாடல் பேரு அப்புறம் எழுதிக்கலாம். நேரா நில்லுங்க."

மேற்படி வாகனம் முறைப்படி பரிசோதிக்கப்பட்டது. சக்கரம் இரண்டு, பின்பக்கம் லேசான தேய்மானம் — செருப்புக் குதியைப் பார்த்துச் சொன்னார். முன்விளக்கு இரண்டும் எரிகின்றன. முறைக்கும்போது கூடுதல் வெளிச்சம். ஊதச் சொன்னார், ஊதினாள். புகை இல்லை, பூண்டு வாசனை மட்டும்; பூண்டுக்கு வரம்பு நிர்ணயிக்கப்படவில்லை.

"ஹார்ன்?"

"உங்களுக்கெல்லாம் மூளைன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதையும் கீழ நிறுத்திட்டு வந்தீங்களா?" என்றாள் நூபியா, மூன்று மாடிக்கும் கேட்கும்படி.

"ஹார்ன் நல்ல நிலையில்," என்று எழுதி முத்திரை குத்தினார்.

ஆர்.சி. அட்டை கையோடு கிடைத்தது. சான் புரூனோ சரித்திரத்தில் ஒரே நாளில் கிடைத்த ஒரே அட்டை அதுதான். உரிமையாளர்: அர்செசியோ. வாகனம்: நூபியா.

"இது தப்பு. மாத்திக் குடுங்க," என்றாள்.

"வாகனம் மனு கொடுக்க முடியாதும்மா. உரிமையாளர் கேக்கணும். கேட்டா, வாகனம் அல்லாதவர் வாகனமா ஆஜரானதுக்கு முதல்ல விசாரணை நடக்கும். லீவு கழிச்சு ஆரம்பிப்போம். எந்த லீவுன்னு இப்ப சொல்ல முடியாது."

நூபியா கடலை நினைத்தாள். விசாரணையை நினைத்தாள். அட்டையைப் பையில் போட்டுக்கொண்டாள். "மாத்த வேணாம். இத்தனை நாள் எழுதாம நடந்தது, இப்ப எழுதிக் குடுத்திருக்காங்க."

செய்தி ஊருக்குள் போனது. ஊர் சிரிக்கும் என்று அவள் எதிர்பார்த்தாள். ஊர் சிரிக்கவில்லை, விவரம் கேட்டது. மூச்சுத் திணறலுக்கு மாதக்கணக்கில் மருத்துவமனை டோக்கனுக்குக் காத்திருந்த மருந்துக்கடை எவரார்டோ, "ஊதச் சொல்லி, கண்ணு பார்த்து, அன்னிக்கே சான்றிதழா?" என்று மூன்று தரம் கேட்டார். மறுநாள் காலை போக்குவரத்து அலுவலக மாடிப்படி முழுக்க மேலங்கி. இருமுகிறவர்கள், மூட்டு வலிக்காரர்கள், கண் மங்கியவர்கள் எல்லாரும் தத்தம் வண்டி எண்ணை முதுகில் ஏந்தி நின்றார்கள். வண்டி இல்லாதவர்கள் சொந்தக்காரரின் வண்டி எண்ணைக் கேட்டு வாங்கினார்கள். டாக்டர் லிபார்டோ வாழ்க்கையில் முதல்தடவையாக டாக்டராக நடத்தப்பட்டார். எவரார்டோவின் சான்றிதழில் 'சைலன்ஸர் கவனிக்கவும்' என்று எழுதினார். ஊரில் யாரும் அவருக்கு அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

லீவு வந்தது. நூபியா சோக்கை இழுத்தாள், வேறெதையோ யோசித்தாள், வண்டி கிளம்பியது. உரிமையாளர் இல்லாமல் வாகனம் ஊர் எல்லை தாண்டக் கூடாது என்பதால் அர்செசியோவும் பின்னால் ஏறிக்கொண்டார்.

மலை இறங்கியதும் நெடுஞ்சாலைப் போலீஸ் கைகாட்டினார். அட்டையை வாங்கிப் படித்தார். நூபியாவைப் பார்த்தார். அர்செசியோவிடம் கேட்டார்: "இது உங்களோடதா?"

"ஆமா."

"நீங்க ஏன் ஓட்டல?"

"வாங்கின நாள்லேருந்தே எனக்கு ஓட்ட வராதுங்க," என்றார் அர்செசியோ, பரம உண்மையாக.

போலீஸ் தலையாட்டினார், அவருக்கும் கல்யாணமாகியிருந்தது. பிறகு மோட்டார் சைக்கிளைக் காட்டி, "இதுக்குப் பேப்பர் எங்க?" என்றார்.

நூபியா சொன்னாள்: "இது லக்கேஜ், ஐயா."

போலீஸ் யோசித்தார். இரும்பும் ரப்பரும் பெட்டிகளுமாக இருந்ததைச் சுற்றி வந்தார். "நல்லா இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுப் போங்க. லக்கேஜ் ரோட்டுல விழுந்தா ஆபத்து," என்று அனுப்பினார்.

மத்தியானம் காற்றில் உப்பு ஏறியது. ஒரு வளைவு, தென்னைகள், அப்புறம் எதிரே நீலமாக ஒரு கோடு. நூபியா வண்டியை நிறுத்தினாள். தலைக்கவசத்தைக் கழற்றியவள் எதுவும் பேசவில்லை. அவள் பேசாமல் நின்றதை அர்செசியோ அன்றுதான் முதன்முதலில் பார்த்தார், பயந்தேபோனார்.

கடற்கரை வாசலில் கயிறு கட்டியிருந்தது. காவலாளி அட்டையைக் கேட்டார்.

"மணல்ல வாகனங்களுக்கு அனுமதி இல்லம்மா. இந்தப் பக்கம் பார்க்கிங்."

"எனக்கா?"

"சட்டம் எல்லா வாகனத்துக்கும் ஒண்ணுதான். லக்கேஜ் போகலாம். உரிமையாளர் எடுத்துட்டுப் போகட்டும்."

நூபியா மேலங்கியைக் கழற்றப் போனாள். "நம்பர் இல்லாத வாகனம் யார்டுக்குப் போகும்," என்றார் காவலாளி, அனுதாபத்தோடு. கழற்றவில்லை.

பார்க்கிங்கில் ஏற்கனவே சான் புரூனோ முழுதும் வந்து நின்றது. எவரார்டோ, நோட்டரி, நோட்டரியின் மனைவி, பல் பிடுங்கும் அம்மா, இன்னும் எத்தனையோ பேர். வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே, ஆளுக்கொரு கட்டத்தில், முதுகில் எண்ணோடு, வரிசை பிசகாமல் நின்றார்கள். சிலர் குழந்தைகளைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். சைடு கார் என்று பதிவு. அப்பால் மணலில், அலை வந்து தொடும் இடத்தில், அவர்களுடைய மோட்டார் சைக்கிள்கள் அலுமினியப் பெட்டிகளோடு காற்று வாங்கிக்கொண்டிருந்தன. அர்செசியோ வியர்க்க வியர்க்கத் தங்கள் வண்டியையும் தள்ளிக்கொண்டுபோய் அவற்றோடு நிறுத்தினார். ஒரு அலை வந்து அதன் முன்சக்கரத்தை நனைத்துவிட்டுப் போனது.

நூபியா எக்கிப் பார்த்தாள். நோட்டரியின் தலைக்கும் எவரார்டோவின் தலைக்கும் நடுவே கைக்குட்டை அளவு கடல் தெரிந்தது.

"எத்தனை பேர் இருக்கோம். ஒரு ஆளு வாயைத் திறந்து கேக்கறதுக்கு என்ன?" என்றாள் முன் கட்டத்தைப் பார்த்து.

"சும்மா இரு நூபியா," என்று கிசுகிசுத்தார் எவரார்டோ. "இடம் கிடைச்சதே பெரிசு. பின்னால எத்தனை பேர் வெயிட்டிங் தெரியுமா?"

காவலாளி விசில் ஊதினார். "மூணாவது வரிசை, கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்க. ஒரு குடும்பம் உள்ள வருது."

மூன்றாவது வரிசை ஒரே சீராக ரிவர்ஸ் எடுத்தது. நூபியாவும் எடுத்தாள், பின்னால் யார் காலையாவது மிதித்துவிடப் போகிறோமே என்று கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே.