போடாத ஊசியின் வலி

"ஊசி போட்டாச்சாப்பா?"

"போட்டாச்சும்மா" என்று போனில் சொன்னதோடு சபாபதி வாயை மூடியிருக்கலாம்.

பொந்தியான் ஊரில் அன்னாசி லாரி ஓட்டுகிறவர். கையெல்லாம் முள் கீறல்தான். ஆனாலும் ஊசி என்றால் மனிதருக்குக் குலை நடுங்கும். தம்போய் ஊரில் இருக்கும் மகள் லோஷினிக்குப் பெண் குழந்தை பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கக்குவான் இருமலுக்குத் தடுப்பூசி போடாத யாரும் குழந்தையைத் தூக்கக் கூடாது என்று அவள் சட்டம் போட்டிருந்தாள்.

"கை வலிக்குதா?"

"இல்லையே, ஜம்முனு இருக்கேன்."

"கொஞ்சம்கூட வலிக்கலையா? ஒழுங்காப் போட்டாங்களா? எதுக்கும் கிளினிக்ல போய்க் கேளுங்க."

"ஐயோ, வலிக்குதும்மா! தூக்கவே முடியல!"

மனைவி புஷ்பவள்ளி உடனே லாரிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். இடது கைக்கு ஐஸ் வைத்தாள். மறுநாள் அவர் மறந்துபோய் வலது கையைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

"அலமாக்! வலி இந்தக் கைக்கும் வந்திருச்சா? நானும்தான் போட்டுக்கிட்டேன், எனக்கு ஒண்ணும் இல்லையே!"

மூன்று வேளையும் வெறும் கஞ்சிதான் கிடைத்தது. போனில் லோஷினி வேறு ஆறுதல் சொன்னாள்.

"பயப்படாதீங்கப்பா. ஊசியில கிருமியோட சின்னத் துண்டுதான் இருக்கு. உடம்பு அதைப் பார்த்து அடையாளம் வச்சுக்கும். அப்புறம் அந்தக் கிருமியைப் பிடிக்க ஆன்டிபாடி செய்யும். ரெண்டு வாரம் ஆகும். உங்க உடம்பு இப்ப அந்த வேலையைத்தான் பார்த்துட்டு இருக்கு."

எந்த வேலையும் பார்க்காத உடம்போடு சபாபதி கஞ்சியை விழுங்கினார்.

முப்பதாம் நாள் விசேஷத்துக்குத் தம்போய் போனார்கள். மருமகன் யுகேந்திரன் சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை.

"மருமகன்னா இவருதான். எந்நேரமும் ஏதாவது வேலை! நீங்களும் இருக்கீங்களே" என்று புஷ்பவள்ளி இடித்துக் காட்டினாள்.

"இந்தாங்கப்பா, பேத்தியைப் பிடிங்க."

சபாபதி ஆசையாகக் கையை நீட்டினார். குழந்தை கொட்டாவி விட்டது. உள்ளங்கை அகலம்கூட இல்லாத நெஞ்சு ஏறி இறங்கியது. அந்த இருமல் வந்தால் இது தாங்குமா? வீட்டில் யாருக்கும் உண்மை தெரியாதுதான். ஆனால் கிருமியிடம் போய்ப் பொய் சொல்ல முடியுமா? நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"கை இன்னும் வலிக்குதும்மா."

"மூணு வாரம் ஆச்சேப்பா!"

அவர் சமையலறைக்குள் நுழைந்தார். யுகேந்திரன் பால் போத்தல் கழுவிக்கொண்டிருந்தான். சபாபதிக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாப்பிள்ளை, நான் ஊசி போடவே இல்ல. பயந்துட்டேன். யாருக்கும் தெரியாம இப்பவே கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு வாரம் கழிச்சு வந்து தூக்கிக்கிறேன்."

யுகேந்திரன் கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தான். கையைத் துடைத்துக்கொண்டு கார் சாவியை எடுத்தான்.

"வாங்க மாமா, சேர்ந்தே போட்டுக்கலாம். ஒரு மாசமா நான் ஏன் பாத்திரமே கழுவிட்டிருக்கேன்னு நெனைச்சீங்க?"